திசை மாறிய பயணம்

கெடா மாநிலத்தின் தலைநகரான அலோர் ஸ்டாருக்கு வடக்கே, கெப்பாலா பத்தாஸில், நெல் வயல்களுக்கு நடுவே ஒரு விமான நிலையம் உள்ளது. இன்று அதன் பெயர் சுல்தான் அப்துல் ஹாலிம் விமான நிலையம். 1930களில் அது உலக வான்வழி வரைபடத்தில் இடம்பெற்ற ஒரு முக்கியப் புள்ளியாக இருந்தது. லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கும், நெதர்லாந்திலிருந்து ஜாவாவுக்கும் சென்ற விமானங்கள் பாங்காக்கைக் கடந்த பிறகு அலோர் ஸ்டாரில் இறங்கின. அக்கால விமானங்களால் அதிகத் தொலைவு நிற்காமல் பறக்க இயலாது. ஆகவே, வழியில் இத்தகைய நிறுத்தங்கள் தேவைப்பட்டன.

பாங்காக்கையும் சிங்கப்பூரையும் இணைத்த அந்த வான்வழியில் 1937ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் இரட்டை இயந்திரம் கொண்ட சிறிய விமானம் ஒன்று தெற்கு நோக்கிப் பறந்தது. அதை ஓட்டியவர் ஒரு பெண். பெயர் அமேலியா ஏர்ஹார்ட். உலகை நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றிவர வேண்டும் என்பது அவருடைய இலக்கு. அவருக்கு வழிகாட்டியாகப் பிரெட் நூனன் என்பவர் உடனிருந்தார்.

கெடாவின் தோட்டங்களில் அந்நேரம் பால்வெட்டு முடிந்திருக்கும். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயன் வீடுகளுக்குத் திரும்பியவர்கள் சிலர் விமான ஓசை கேட்டு அண்ணாந்து பார்த்திருக்கலாம். பார்த்திருந்தாலும், வழக்கமாகச் செல்லும் விமானங்களுள் ஒன்று என்றே எண்ணியிருப்பார்கள். ஆனால், அமேலியாவின் முதல் திட்டப்படி அவர் வடக்கிலிருந்து வந்திருக்கவே கூடாது. எதிர்த்திசையிலிருந்து, அதாவது ஆஸ்திரேலியாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து, அதன்பின் வடக்கே சென்றிருக்க வேண்டும். அந்தத் திசையை மாற்றியது ஒரு விமானச் சக்கரத்தின் முறிவு.

அமேலியா 1897ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் உள்ள அட்சிசன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை எட்வின் ஒரு வழக்கறிஞர். தாயார் பெயர் ஏமி. தங்கை மியூரியல். பெண் பிள்ளைகள் வீட்டுக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்ட அக்காலத்தில், இவ்விரு சிறுமியரும் மரம் ஏறினர். பூச்சிகளைப் பிடித்துச் சேகரித்தனர். ஒருமுறை பொருட்காட்சியில் சறுக்கு வண்டியைக் கண்ட அமேலியா, வீட்டுக் கொட்டகையின் கூரையிலிருந்து தரைவரை பலகைகளைச் சாய்த்து ஒரு சறுக்குப் பாதை அமைத்தார். ஒரு மரப்பெட்டியில் ஏறி அமர்ந்து கீழே பாய்ந்தார். பெட்டி உடைந்தது, உதட்டில் காயம், உடையும் கிழிந்தது. அவரோ பறந்துவிட்ட மகிழ்ச்சியில் திளைத்தார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய ஏழு.

குடும்ப வாழ்க்கை அமைதியாக அமையவில்லை. தந்தையின் குடிப்பழக்கத்தால் வேலை போனது, ஊர் மாறியது, பள்ளியும் மாறியது. சிகாகோவில் உயர்நிலைப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது, நல்ல அறிவியல் ஆய்வுக்கூடம் உள்ள பள்ளியையே அமேலியா தேடிச் சேர்ந்தார். ஆண்களுக்கே உரியவை என்று கருதப்பட்ட துறைகளில் வெற்றிபெற்ற பெண்களைப் பற்றிய செய்திகளை நாளிதழ்களிலிருந்து வெட்டி ஓர் ஏட்டில் ஒட்டிவைத்தார். முதல் உலகப் போரின்போது கனடாவின் டொரொன்டோ நகருக்குச் சென்று, படைவீரர் மருத்துவமனையில் செவிலியருக்கு உதவியாளராகப் பணியாற்றினார்.

1920ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் கலிபோர்னியாவில் அவர் முதன்முதலாக விமானத்தில் ஏறினார். பத்து நிமிடப் பயணம். கட்டணம் பத்து டாலர். தரையை விட்டுச் சில நூறு அடி எழும்பியதுமே, தாம் விமானி ஆக வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டார். பயிற்சிக்குப் பணம் வேண்டும். ஆகவே, புகைப்படம் எடுத்தார்; லாரி ஓட்டினார்; தொலைபேசி நிறுவனத்தில் எழுத்தராக வேலை செய்தார். நீதா ஸ்னூக் என்ற பெண் விமானியிடம் 1921இல் பயிற்சி தொடங்கினார். அதே ஆண்டில் மஞ்சள் நிறச் சிறு விமானம் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினார். அடுத்த ஆண்டு அதிலேயே 14,000 அடி உயரம் சென்று பெண்களுக்கான சாதனை படைத்தார்.

பெற்றோர் பிரிந்தபின் அந்த விமானத்தை விற்றுவிட்டுப் பாஸ்டன் நகருக்குச் சென்றார். அங்கே குடியேறிகளின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் சமூகப் பணியாளராக வேலை செய்தார். அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதுவோர் பலர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுவர். புதிய மண்ணில், புதிய மொழியில் தடுமாறிய சிறுவர்களோடு அவர் செலவிட்ட அந்த ஆண்டுகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளாகிய நமக்கு அது அந்நியமான காட்சி அன்று.

1928இல் அட்லாண்டிக் பெருங்கடலை விமானத்தில் கடந்த முதல் பெண் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. உலகமே கொண்டாடியது. அவருக்கோ மனநிறைவு இல்லை. விமானத்தை ஓட்டியவர்கள் ஆண்கள் இருவர். தாம் ஒரு மூட்டையைப் போல ஏற்றிச் செல்லப்பட்டதாகவே அவர் உணர்ந்தார். அந்தக் குறையைத் தீர்க்க நான்கு ஆண்டுகள் ஆயின. 1932ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் இன்றைய கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து தனியாகப் புறப்பட்டார். வழியில் உயரங்காட்டும் கருவி பழுதானது. இறக்கைகளில் பனி உறைந்தது. புகைபோக்கியில் ஏற்பட்ட விரிசல் வழியே தீச்சுடர் தெரிந்தது. 14 மணி 56 நிமிடங்களுக்குப் பிறகு வட அயர்லாந்தில் மாடுகள் மேயும் ஒரு புல்வெளியில் இறங்கினார். அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாகக் கடந்த முதல் பெண் விமானி அவரே. 1935இல் ஹவாயிலிருந்து கலிபோர்னியாவுக்கும் தனியாகப் பறந்தார்.

அதன்பின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மாணவியருக்குத் தொழில் வழிகாட்டியாகப் பொறுப்பேற்றார். அப்பல்கலைக்கழகம் திரட்டிய நிதியின் துணையோடு, 1936இல் தமது 39ஆவது பிறந்த நாளன்று, லாக்ஹீட் எலெக்ட்ரா வகை விமானம் ஒன்றைப் பெற்றார். அது பத்துப் பயணிகளை ஏற்றக்கூடிய விமானம். அமேலியாவின் விமானத்திலோ இருக்கைகள் இல்லை. அந்த இடம் முழுவதும் எரிபொருள் தொட்டிகள் இருந்தன.

அந்த விமானத்தின் சக்கரங்களைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். முன்புறம் இரு பெரிய சக்கரங்கள். வாலுக்கு அடியில் ஒரு சிறிய சக்கரம். பறக்கத் தொடங்கியதும் மின்விசை, பெரிய சக்கரங்களை மடக்கி இயந்திரக் கூடுகளுக்குள் இழுத்துக்கொள்ளும். அதனால் காற்றின் தடை குறையும், வேகம் கூடும். ஒவ்வொரு சக்கரமும் ஓர் உலோகக் காலில் பொருத்தப்பட்டிருக்கும். அக்காலுக்குள் எண்ணெயும் காற்றும் அடைக்கப்பட்ட அதிர்வுத்தாங்கி இருக்கும். விமானம் தரையைத் தொடும்போது எழும் அதிர்ச்சியை அது உள்வாங்கிக்கொள்ளும். சக்கரத்தைச் சுற்றியிருப்பது ரப்பர் டயர். மலாயா ரப்பரை அன்று மிகுதியாக வாங்கிய நாடு அமெரிக்கா. கெடாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு நின்று மரம் சீவியவர்களின் உழைப்பும் அந்நாட்டு டயர்களில் கலந்திருந்தது.

1937ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் அமேலியா கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். அவருடன் மூவர் சென்றனர். நூனன் வழிகாட்டி. பால் மான்ட்ஸ் தொழில்நுட்ப ஆலோசகர்; அவர் ஹவாய் வரை மட்டுமே வந்தார். மூன்றாமவர் ஹாரி மேனிங். அவர் ஒரு கப்பல் தலைவர். வானொலிக் கருவிகளைக் கையாள்வதிலும் மோர்ஸ் குறியீட்டிலும் தேர்ந்தவர். பணியிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். பசிபிக் பெருங்கடலின் நடுவிலுள்ள ஹவ்லண்ட் என்னும் சின்னஞ்சிறு தீவைக் கண்டுபிடித்து இறங்குவதே முழுப் பயணத்திலும் மிகக் கடினமான கட்டம். அது பயணத்தின் தொடக்கத்திலேயே வந்தது. அதற்காகவே இருவர் துணை. ஆஸ்திரேலியாவை அடைந்தபின் எஞ்சிய தொலைவை அமேலியா தனியாகப் பறப்பதாக ஏற்பாடு.

மார்ச் 20ஆம் நாள் விடியற்காலை. ஹவாயில் பேர்ல் துறைமுகத்தை அடுத்த லூக் விமானத் தளம். மழை பெய்து ஓய்ந்த ஓடுபாதை ஈரமாக இருந்தது. ஏறத்தாழ 3,400 லிட்டர் எரிபொருளைச் சுமந்துகொண்டு எலெக்ட்ரா ஓடத் தொடங்கியது. வேகம் கூடிக்கொண்டிருந்தபோது விமானம் வலப்பக்கம் சாய்ந்து இழுத்தது. அதை நேராக்க அமேலியா இடப்பக்க இயந்திரத்தின் விசையைக் குறைத்தார். விமானம் உடனே இடப்பக்கம் திரும்பியது. பிறகு நிற்காமல் சுழன்றது.

தோளில் காண்டாக் கம்பு வைத்து இருபுறமும் பால் வாளிகளைச் சுமந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வாளிகள் நிறைந்திருக்கும்போது உடல் சற்றுத் திரும்பினால் போதும். சுமை தானாகவே ஆளை மேலும் திருப்பிவிடும். வால் சக்கரம் கொண்ட விமானத்திலும் எடை முன்சக்கரங்களுக்குப் பின்னால் அமைந்திருக்கும். திரும்பத் தொடங்கினால் பின்னால் உள்ள எடை அந்தத் திருப்பத்தை வளர்க்கும். அப்போது சக்கரக் கால்கள் பக்கவாட்டில் பெரும் விசையைத் தாங்க வேண்டிவரும். அவை மேலும் கீழுமான அதிர்ச்சியைத் தாங்கவே செய்யப்பட்டவை. லூக் தளத்தில் அவை தாங்கவில்லை. வலக்கால் முறிந்தது, இடக்காலும் மடிந்தது. விமானம் வயிற்றால் தரையில் உராய்ந்தபடி தீப்பொறி பறக்கச் சறுக்கியது. விசிறிகள் தரையில் மோதி வளைந்தன.

தொட்டிகள் நிறைய எரிபொருள். ஒரு பொறி போதும். அந்த நொடிகளில் அமேலியா செய்த ஒரு செயலே மூவரின் உயிரையும் காத்தது என்று சொல்லலாம். அவர் இயந்திரங்களின் மின் இணைப்பை உடனே துண்டித்தார். தீப்பிடிக்கவில்லை. மூவரும் காயமின்றி வெளியே வந்தனர்.

இந்த விபத்துக்குக் காரணம் என்ன? டயர் வெடித்ததைக் கண்டதாகச் சிலர் கூறினர். டயர் வெடித்திருக்கலாம் அல்லது வலப்பக்கச் சக்கரக் கால் முதலில் தளர்ந்திருக்கலாம் என்று அமேலியா கருதினார். மான்ட்ஸ் முதலிய சிலரோ விமானி இயந்திர விசையைக் கையாண்ட முறையே பிழை என்று எண்ணினர். இந்த விவாதம் இன்றும் முடியவில்லை. புகழ்பெற்றவர் என்பதற்காகப் பிழையே செய்திருக்க மாட்டார் என்று சொல்வது சரியன்று. மிகுந்த சுமையோடு தரையில் ஓடிய விமானம் கட்டுப்பாட்டை இழந்தது, சக்கரங்கள் முறிந்தன. அவ்வளவு மட்டும் உறுதி.

எலெக்ட்ரா கப்பலில் ஏற்றப்பட்டு, கலிபோர்னியாவில் அதைச் செய்த தொழிற்சாலைக்கே திரும்பியது. பழுதுபார்க்க ஏறக்குறைய இரண்டு மாதங்கள் ஆயின. அதற்குள் பருவநிலை மாறிவிட்டது. மேற்கு நோக்கிச் சென்றால் பயணத்தின் பிற்பகுதியில் மோசமான வானிலையைச் சந்திக்க நேரும். ஆகவே, கிழக்கு நோக்கிச் செல்வது என்று அமேலியா முடிவு செய்தார். முதலில் தென் அமெரிக்கா, பிறகு ஆப்பிரிக்கா, இந்தியா, மலாயா, ஆஸ்திரேலியா. பசிபிக் பெருங்கடல் கடைசியில்.

வரைபடத்தில் அம்புக்குறியைத் திருப்பிப் போடுவது எளிது. ஆனால், அதனால் விளைந்தவை இரண்டு. முதலில் வரவேண்டிய கடினமான கட்டம், களைப்பு மிகுந்த கடைசிக் கட்டமாக மாறியது. ஹவாயிலிருந்து ஹவ்லண்ட் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். புதிய வழியில் நியூகினியின் லே நகரிலிருந்து அது 4,100 கிலோமீட்டர். மற்றொன்று, மேனிங்கின் விடுப்பு முடிந்துவிட்டது. அவர் தம் பணிக்குத் திரும்பிவிட்டார். வானொலியில் தேர்ந்த ஒருவரின் இடம் நிரப்பப்படவில்லை. அமேலியாவுக்கும் நூனனுக்கும் மோர்ஸ் குறியீட்டில் போதிய பயிற்சி இல்லை. லூக் தளத்தில் முறிந்த சக்கரங்களைத் தொழிற்சாலை சரிசெய்துவிட்டது. இதை யாரும் சரிசெய்யவில்லை.

1937 ஜூன் முதல் நாள் அமேலியாவும் நூனனும் மயாமி நகரிலிருந்து புறப்பட்டனர். தென் அமெரிக்காவைத் தொட்டு அட்லாண்டிக்கைக் கடந்து ஆப்பிரிக்காவை அடைந்தனர். இன்று சாட் நாட்டின் தலைநகராக விளங்கும் நகரில், சக்கரக் காலின் அதிர்வுத்தாங்கியில் கசிவு ஏற்பட்டதால் புறப்பாடு தாமதமானது. கராச்சிக்கு ஜூன் 15ஆம் நாளும், கல்கத்தாவுக்கு 17ஆம் நாளும் வந்து சேர்ந்தனர். கல்கத்தாவின் டம்டம் தளம் மழையில் ஊறிச் சேறாகியிருந்தது. மறுநாள் கனத்த விமானம் சேற்றிலிருந்து விடுபட்டு, எல்லையில் இருந்த மரங்களை நூலிழையில் தாண்டியது. பர்மாவின் அக்யாப் நகரைத் தாண்டியதும் பருவமழை மறித்தது. இறக்கை விளிம்பின் வண்ணப்பூச்சையே உரித்த மழை அது. கண் தெரியாமல் திரும்பி வந்து அக்யாபில் காத்திருந்தனர். மறுநாள் ரங்கூன்.

அடுத்த நாள்தான் ஜூன் 20. ரங்கூனிலிருந்து பாங்காக், அங்கே எரிபொருள் நிரப்பிக்கொண்டு தெற்கே மலாயாவை நோக்கி. கெடாவின் நெல் வயல்களும் பால்மரக் காடுகளும் அந்த வழியில் வருபவை. மாலையில் சிங்கப்பூரின் காலாங் விமான நிலையத்தில் இறங்கினர். அது திறக்கப்பட்டு அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. முதல் திட்டத்தின்படி அமேலியா மலாயாவை அடையும்போது பசிபிக்கைக் கடந்து முடித்திருப்பார். இப்போதோ அது அவருக்கு முன்னால் கிடந்தது.

ஜாவாவின் பண்டுங்கில் கருவிகளைச் சரிசெய்யப் பல நாள் தங்க நேர்ந்தது. அமேலியாவின் உடல்நலமும் குன்றியிருந்தது. டார்வினில், திசை காணும் வானொலிக் கருவியின் உருகி எரிந்துபோயிருந்தது கண்டுபிடிக்கப்பட்டு மாற்றப்பட்டது. ஜூன் 29ஆம் நாள் லே நகரை அடைந்தனர். ஏறக்குறைய 35,000 கிலோமீட்டர் கடந்தாயிற்று. எஞ்சியது 11,000 கிலோமீட்டர்.

ஜூலை 2ஆம் நாள் காலை 10 மணி. லேயின் மண் ஓடுபாதை கடலோரத்தில் முடிகிறது. லூக் தளத்தில் ஏற்றியதைவிட அதிகமான எரிபொருள். எலெக்ட்ரா பாதையின் இறுதிவரை ஓடியது. கரையைத் தாண்டியதும் கடலை நோக்கித் தாழ்ந்தது. பிறகு மெல்ல உயர்ந்து மறைந்தது. அன்று சக்கரங்கள் தாங்கின.

ஹவ்லண்ட் தீவு இரண்டரைக் கிலோமீட்டர் நீளம்கூட இல்லாத மேடு. அமெரிக்காவின் இடாஸ்கா என்ற கப்பல் தீவின் அருகே காத்திருந்தது. விமானிக்கு அடையாளமாகக் கரும்புகையை எழுப்பியது. காலையில் அமேலியாவின் குரல் கப்பலில் தெளிவாகவே கேட்டது. தாம் கப்பலுக்கு மிக அருகில் இருக்க வேண்டும் என்றும், ஆயினும் அது கண்ணுக்குத் தெரியவில்லை என்றும், எரிபொருள் குறைந்துவருகிறது என்றும் அறிவித்தார். கப்பலிலிருந்து பேசியதோ அவருக்குக் கேட்கவில்லை. மோர்ஸ் குறியீட்டில் அனுப்பிய செய்திகளும் பயன்படவில்லை. மேனிங் உடனிருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்வியை வரலாற்றாசிரியர்கள் இன்றும் எழுப்புகின்றனர்.

கடைசிச் செய்தி காலை எட்டே முக்காலுக்கு வந்தது. அதன்பின் ஒன்றுமில்லை. விமானந்தாங்கிக் கப்பலான லெக்சிங்டன் உட்படப் பல கப்பல்களும் விமானங்களும் கடலில் தேடின. ஜூலை 19ஆம் நாள் தேடுதல் நிறுத்தப்பட்டது. 1939ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் அமேலியா இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது.

வழிநெடுக ஒவ்வோர் ஊரிலிருந்தும் அவர் குறிப்புகள் எழுதி நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பயணம் முடிந்ததும் நூலாக வெளியிட எண்ணியிருந்தார். அவருடைய கணவர் ஜார்ஜ் புட்னம் அவற்றைத் தொகுத்து அதே ஆண்டில் வெளியிட்டார். ஹவ்லண்ட் தீவில் பின்னர் ஒரு கலங்கரை விளக்கம் எழுப்பப்பட்டு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. அவருக்காக அத்தீவில் சமன் செய்து வைத்திருந்த ஓடுபாதையில் எலெக்ட்ராவின் சக்கரங்கள் பதியவே இல்லை.